தீக்காயப் புண்ணுக்கு ஹார்மோன் ஆய்வு: மலை மாவட்டத்தில் நடத்துவது எப்படி

ஹார்மோன் கொடுத்தால் தீக்காயம் சீக்கிரம் ஆறுமா என்று ஒரு ஆய்வு செய்து பார்க்கலாமே என்று ஒரு முதுநிலை மாணவருக்கோ, தீக்காய வார்டில் வேலை பார்க்கும் நர்ஸுக்கோ தோன்றியதும் முதலில் பேச்சு போவது எந்த ஹார்மோன், எவ்வளவு டோஸ் என்பதில்தான். ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கே இல்லை. புண் ஆறிவிட்டது என்று யார், எந்த நாளில், எதைப் பார்த்துச் சொன்னார் என்பதில்தான் கெடுகிறது. கோத்தகிரிக்கு அப்பால் எஸ்டேட் லயத்தில் இருக்கும் நோயாளி அந்த நாளில் உங்கள் முன்னால் இருந்தாரா என்பதில் மிச்சமும் கெடுகிறது. நான் நீலகிரியில் ஆய்வு ஒருங்கிணைப்பு வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. மருந்தை டாக்டர்கள் முடிவு செய்யட்டும். அதைச் சுற்றியுள்ள வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஹார்மோன் ஏன் என்பது தெளிவாக இருக்க வேண்டும். உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துபோனால் அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் எல்லாம் எகிறிவிடும், உடம்பு தன் தசையையே எரித்துத் தின்ன ஆரம்பிக்கும், இதயம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், இன்சுலின் இருந்தும் சர்க்கரை இறங்காது. புண் மூடிய பிறகும் இந்த நிலை மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் நீடிக்கும். புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும், அந்த நேரத்தில் உடம்போ புரதத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. வளர்க்கும் ஹார்மோன் ஒன்றை வெளியில் இருந்து கொடுத்தால் இதைத் திருப்பலாமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஏற்கெனவே பலர் கேட்டிருக்கிறார்கள், அதைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். 1990-ல் அமெரிக்காவின் கால்வெஸ்டனில் பெரிய தீக்காயம்பட்ட குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடம் ஹார்மோன் பெறாத குழந்தைகளுக்கு 9 நாளில் ஆறியது, ஹார்மோன் கொடுத்தவர்களுக்கு 7 நாள் சொச்சத்தில் ஆறியது. அடடா என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். 1999-ல் ஐரோப்பாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெரியவர்களுக்கு, அவர்கள் தீக்காய நோயாளிகள் அல்ல, அதே ஹார்மோனைக் கொடுத்து நடத்திய இரண்டு ஆய்வுகளின் முடிவு வந்தது. ஒன்றில் ஹார்மோன் பெற்றவர்களில் 39% பேர் இறந்தார்கள், டம்மி மருந்து, அதாவது பார்க்க அதே மாதிரி இருந்தும் உள்ளே மருந்து இல்லாதது, பெற்றவர்களில் 20%. இன்னொன்றில் 44%, 18%. ஒரு குழுவுக்கு நல்லது செய்த மருந்து இன்னொரு குழுவில் ஆளைக் கொல்லலாம் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் வேண்டாம். அப்புறம் ஆக்ஸாண்ட்ரோலோன். டெஸ்டோஸ்டிரோன் வகை மாத்திரை, பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 2006-ல் வெளியான பல ஆஸ்பத்திரி ஆய்வில் சராசரியாக 43 நாள் ஆஸ்பத்திரி வாசம் 32 நாளுக்கு இறங்கியது, பாதியிலேயே பலன் தெரிந்ததால் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்துக்கான அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் விலக்கிக்கொண்டது. ஆக, எந்த மருந்தை எடுத்தாலும், கிடைக்கிறதா, இன்னும் அனுமதி இருக்கிறதா என்பதைத் திட்டம் எழுதும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்தப் புண்ணில் சோதிப்பது

இதில்தான் மலையில் இருப்பவர்கள் யதார்த்தமாக இருக்க வேண்டும். பெரிய தீக்காயம் மலையில் தங்காது. 108 வண்டியில் ஏற்றிக் கோவைக்கு இறக்கிவிடுவார்கள், அதுதான் சரியும் கூட. அதனால் உடம்பு முழுக்கப் பாயும் ஹார்மோன் ஆய்வு என்றால், மருந்து கொடுக்கும் வேலை கீழே, மாதக்கணக்கில் பின்தொடரும் வேலை மேலே என்று பிரித்துத் திட்டமிட வேண்டும். மேலேயே நடத்த வேண்டும் என்றால் சிறிய காயம், சிறிய தோல் ஒட்டு, புண்ணின் மேல் பூசும் மருந்து என்று போங்கள். பூசும் இன்சுலின் பற்றிச் சின்னச் சின்ன ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. நம்மூர் வார்டில் செய்யக்கூடிய அளவும் அதுதான்.

வெந்த புண்ணையே அளக்காதீர்கள். ஒருவருக்கு அடுப்புத் தீ, ஒருவருக்கு வெந்நீர், ஒருவருக்குத் தைலம் காய்ச்சும் இடத்தில் ஆவி அடித்தது என்று ஆழம் ஒவ்வொருவருக்கும் வேறு, ஒரே கையிலேயே இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஆழம் இருக்கும். வந்து சேர்வதற்குள் பேனா மை, பற்பசை, மஞ்சள், இட்லி மாவு என்று வீட்டில் பூசியதும் சேர்ந்துவிடும். தொடையில் தோல் எடுத்த இடம் அப்படி இல்லை. அது டாக்டரே கருவியை வைத்து உண்டாக்கிய புண், ஆழம் தெரியும், ஆரம்பித்த மணி தெரியும், சாதாரணமாக 10 முதல் 14 நாளில் ஆறும். அங்கேதான் ஒரு ஹார்மோன் வேலை செய்கிறதா இல்லையா என்று சுத்தமாகத் தெரியும்.

பூசும் மருந்து என்றால் ஒரே ஆளின் தொடையில் ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்து இல்லாத அதே ஜெல் என்று வைக்கலாம். வயசு, சர்க்கரை, சாப்பாடு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். ஆனால் எப்போதும் மேல் பாதிக்கே மருந்து என்று வைக்கக் கூடாது, எது மேல் எது கீழ் என்பதையும் குலுக்கிப் போட வேண்டும், நடுவில் விரற்கடை இடமாவது விட வேண்டும். பூசிய இன்சுலின் ரத்தத்தில் கொஞ்சம் கலந்து மறு பாதிக்கும் போகலாம், அப்படிப் போனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஊசியோ மாத்திரையோ என்றால் இந்த வசதி இல்லை. ஆட்களையே இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும்.

எலியில் அற்புதமாக ஆறியது என்ற கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எலிக்குத் தோல் தளர்வானது, புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதத் தோல் ஓரத்தில் இருந்தும் மயிர்க்கால்களில் இருந்தும் வளர்ந்து மூட வேண்டும். பன்றித் தோலில் கிடைத்த முடிவு என்றால் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

எத்தனை பேர் வேண்டும்

புள்ளியியல்காரரிடம் போவதற்கு முன் நீங்களே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறும் நாட்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை, அதாவது திட்ட விலக்கத்தை, நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசத்தால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, 16-ஆல் பெருக்குங்கள். ஒரு குழுவுக்கு வேண்டிய ஆட்கள் அதுதான், 80% திறனும் (இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5% பிழை வரம்பும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) வைத்துக்கொண்டால். சிதறல் 4 நாள், கண்டுபிடிக்க வேண்டியது 3 நாள் வித்தியாசம் என்றால் குழுவுக்கு 29 பேர். 2 நாள் வித்தியாசம் என்றால் 64. ஒரே ஒரு நாள் என்றால் 256, அதாவது இரண்டு குழுவுக்கும் 500 பேருக்கு மேல். நம் மலையில் அது நடக்கிற காரியமா? பாதியில் விட்டுப் போகிறவர்களுக்காக அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், 15% என்று வைத்தால் 29 என்பது 35 ஆகும். ஒரே ஆளின் இரண்டு பாதியை ஒப்பிடும் ஆய்வுக்கு இதைவிடக் குறைவாகவே போதும், அந்தக் கணக்கு வேறு, அதைப் புள்ளியியல்காரரிடமே விட்டுவிடுங்கள்.

காகித வேலை

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்தான் அடிப்படை. ஏற்கெனவே அனுமதி உள்ள மருந்தைப் புது நோய்க்கோ, புது வழியிலோ, புது டோஸிலோ கல்வி நோக்கத்துக்கு மட்டும் சோதிக்கிறீர்கள் என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனி அனுமதி வேண்டாம், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி போதும். ஆனால் அந்த முடிவை வைத்து யாரும் மருந்து விற்க முடியாது. சந்தேகம் இருந்தால் குழு அந்த மத்திய அமைப்புக்கு எழுதிக் கேட்கும், 30 வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் தனி அனுமதி தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர், அதில் பாதிக்குக் குறையாமல் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதாரண மனிதர் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் பதிவான குழு இல்லை என்றால் அதே ஊரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ உள்ள வேறு குழுவிடம் போகலாம். இது மலைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல். குன்னூரில் இருந்து கோவைக்குச் சாலைவழி 70 கிலோமீட்டர் வாக்கில் வரும், வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் 50-க்குள் அடங்கிவிடும், ஊட்டி கோட்டின் மேலேயே தொங்கும், கூடலூர் நிச்சயம் வெளியே. எந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அந்தக் குழுவிடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் அந்தப் பதிவு எண் கையில் இருந்தாக வேண்டும், பின்தேதி போட்டு எதுவும் நடக்காது. எதை முக்கிய அளவாக எடுக்கப் போகிறீர்கள் என்பதை அங்கே எழுதியாகிவிட்டால் பிறகு முடிவைப் பார்த்து மாற்ற முடியாது. அது தொந்தரவாகத் தெரியும், ஆனால் உங்கள் ஆய்வை நாலு பேர் நம்புவதற்குக் காரணமே அதுதான்.

ஒப்புதல் வாங்குவது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள், தாராளமாக. வலி மருந்து ஏறிக் கண் சொக்கிக் கிடக்கும்போது படிவத்தை நீட்டுவது ஒப்புதல் இல்லை. முதல் ஓரிரு நாள் கழித்து, கட்டு மாற்றும் நேரத்துக்கு ரொம்ப முன்னால், டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பேசுங்கள். பேசுகிறவர் சிகிச்சை தரும் டாக்டராக இல்லாமல் இருந்தால் நல்லது. டாக்டர் கேட்டால் மறுக்க முடியுமா என்ற பயம் நம் மக்களுக்கு உண்டு.

"ஊசி போட்டா புண்ணு சீக்கிரம் ஆறிடுமா தம்பி?" என்று கேட்பார்கள். ஆறும் என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாது. "ஆறுமான்னு தெரியாததாலதாம்மா இந்த ஆய்வே. உங்களுக்கு மருந்து வருதா, மருந்து இல்லாத ஊசி வருதான்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள். "அப்ப சீட்டுக் குலுக்கிப் போடுறீங்களா?" என்று அவர்களே கேட்டுவிட்டால் பாதி விளங்கிவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதி, சேரவில்லை என்றாலும் வழக்கமான சிகிச்சை அப்படியேதான் நடக்கும், நடுவில் வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது. அதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டலை நம்பாதீர்கள்.

தீக்காய வார்டில் பெண்கள்தான் அதிகம், எல்லாமே முந்தானையில் தீப்பிடித்ததாகவே எழுதப்பட்டிருக்கும், எல்லாமே அப்படியா என்பது வேறு கதை. புருஷனோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண் தரும் சம்மதத்துக்கு அர்த்தம் இல்லை. அவர்களை ஏதாவது காரணம் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுப் பேசுங்கள், பெண் ஊழியரை வைத்துப் பேசுங்கள். காவல் துறை வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்றால், ஆய்வில் சேர்வதும் சேராததும் அந்த வழக்குக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு உரையாடலுக்கும் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், நோயாளி கைரேகை வைப்பார். ஆனால் இரண்டு கையும் கட்டில் இருக்கிற ஆளுக்குக் கைரேகை எங்கே? கால் பெருவிரல் ரேகை எடுக்கலாமா, சாட்சியோடு குரல் பதிவு போதுமா என்பதை முன்கூட்டியே நெறிமுறைக் குழுவிடம் கேட்டுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

மொழி இன்னொன்று. படுகர் வீடுகளில் பேச்சு படுகு, வாசிப்பது தமிழ், அதனால் தமிழ்ப் படிவம் போதும், ஆனால் விளக்கிப் பேச அந்த மொழிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கேள்விகள் தாராளமாக வரும். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று வந்தால் அவர்களில் ஒருவரே சொல்ல வேண்டும். பழங்குடியினரை ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கணக்கில் வைக்கின்றன, கூடுதல் பாதுகாப்பு வேண்டும். இப்போது எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்களும் வேலை செய்கிறார்கள், அவர்களை மொழி தெரியவில்லை என்று ஒதுக்கிவிட்டால் உங்கள் ஆய்வு அவர்களுக்குப் பொருந்தாது. இந்திப் படிவம் ஒன்று தயார் செய்யுங்கள்.

குலுக்கலும் குளிர்ப்பெட்டியும்

குலுக்கலைக் கணினியில் போட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் உள்ளே தெரியாத உறைகளில் வரிசை எண் போட்டு, வார்டுக்குச் சம்பந்தமில்லாதவரிடம் கொடுங்கள். ஒற்றைப் படுக்கை எண்ணுக்கு மருந்து, இரட்டைக்கு டம்மி என்பதெல்லாம் வேண்டாம், அடுத்தது என்ன வரும் என்று வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். கீழே ஒரு வார்டும் மேலே ஒரு வார்டும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் குலுக்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு, புண் ஆற ஆக்சிஜன் வேண்டும். அந்த வித்தியாசம் மருந்தின் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

வார்டின் சூடும் அப்படித்தான். தீக்காய நோயாளிக்குத் தோல் இல்லாததால் உடம்புச் சூடு ஓடிக்கொண்டே இருக்கும், வார்டை 28 டிகிரிக்குக் கீழே விடாமல் வைப்பது நல்லது. ஜனவரியில் ஊட்டி இரவு பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும்போது ஹீட்டர் இல்லாத அறையில் கிடந்தால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உடம்பு சூட்டுக்காக இன்னும் எரியும். எந்த ஹார்மோன் கொடுத்து என்ன? அறையின் வெப்பத்தைக் காலை, மாலை, நடு இரவு என்று கேஸ் ஷீட்டிலேயே குறித்து வையுங்கள்.

இன்சுலினும் வளர்ச்சி ஹார்மோனும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் ஊரில் பயம் சூடு, இங்கே உறைவது. ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த குப்பி ஒருமுறை உறைந்தால் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூக்கிப் போடத்தான் வேண்டும். குளிர்ப்பெட்டிக்குள் குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி வையுங்கள், மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்த பிறகு முதலில் அதைப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோனைக் கரைக்கும்போது குலுக்காமல் மெதுவாகச் சுழற்ற வேண்டும், நுரை வந்தால் மருந்து கெடும். மலைப்பாதையில் வண்டியில் கொண்டுவரும்போது குப்பியைப் பஞ்சு சுற்றிக் கட்டுங்கள்.

அளப்பது

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆறியது என்றால் என்ன என்று ஒரு வரியில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டுங்கள். பரப்பில் 95% அல்லது அதற்கு மேல் புதுத் தோல் மூடி, ஈரம் கசியாமல், கட்டு தேவைப்படாமல், அடுத்த முறை பார்க்கும்போதும் அப்படியே இருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 90% போதும் என்று நினைத்து, இன்னொருவர் முழுக்க மூடட்டும் என்று காத்திருந்தால் இரண்டு மூன்று நாள் அதிலேயே போய்விடும், நீங்கள் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான்.

எப்போது பார்ப்பது? திங்கள், வியாழன் மட்டும் கட்டுப் பிரித்தால் எல்லோரும் திங்களிலும் வியாழனிலும்தான் ஆறுவார்கள். 2 நாள் வித்தியாசத்தை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தினமும் பிரித்துப் பார்த்தாலோ கட்டோடு புதுத் தோலும் உரிந்து வரும். வழி என்னவென்றால் தோல் எடுத்த இடத்துக்கு ஒளி ஊடுருவும் ஃபிலிம் டிரெஸ்ஸிங் போடுவது, 7-ஆம் நாளில் இருந்து பிரிக்காமலே தினமும் பார்ப்பது. பாதிப் பாதியாக ஜெல் பூச வேண்டிய ஆய்வில் இது முடியாது. அங்கே பாரஃபின் வலைத்துணியை வைத்து, ஓரத்தில் இருந்து உப்புநீர் விட்டு நனைத்துத் தூக்குங்கள், ஆறிய இடத்தில் துணி தானாகக் கழன்று வரும், ஆறாத இடத்தில் ஒட்டிப் பிடிக்கும், அதுவே ஒரு அடையாளம். வெள்ளைக் களிம்பு, அதாவது சில்வர் சல்ஃபாடயாசின், போட்டால் புண்ணின் மேல் ஒரு வெளிறிய படலம் கட்டும், அதற்குக் கீழே தோல் வந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆய்வுப் புண்ணில் அது வேண்டாம் என்று எல்லா ஷிஃப்ட் நர்ஸுகளிடமும் சொல்லி வையுங்கள், இரவு ஷிஃப்டில் யாராவது நல்ல எண்ணத்தில் பூசிவிடுவார்கள்.

பரப்பை அளக்க ஒளி ஊடுருவும் தாளை இரண்டு அடுக்காக வைத்து, சுற்றுக்கோட்டை மார்க்கரால் வரைந்து, புண்ணில் பட்ட கீழ்த் தாளை எறிந்துவிட்டு மேல் தாளை வைத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்து எண்ணலாம், கட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடுவது என்று விதியையும் எழுதிவிடுங்கள். புகைப்படத்துக்குப் புண்ணின் பக்கத்தில் அளவுகோல் ஸ்டிக்கர், ஒரே தூரம், ஒரே கோணம், ஒரே விளக்கு. ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். பனிமூட்டம் ஏறிய பத்து மணிக்கும் வெயில் அடிக்கும் பதினொரு மணிக்கும் ஒரே புண் இரண்டு நிறமாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் ஈரமும் புதுத் தோலும் ஒன்றாக மின்னும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தைத் தகவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்கு எடுக்காதீர்கள், அனுப்பும்போதே படம் நசுங்கிவிடுகிறது. கடைசியில் படங்களைப் பெயரும் தேதியும் இல்லாமல் கலைத்துப் போட்டு, எது எந்தக் குழு என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் வேறுபட்டால் மூன்றாவது ஆள்.

சாப்பாட்டையும் எழுதுங்கள். நம் வீடுகளில் புண் என்றாலே பத்தியம் ஆரம்பித்துவிடும், முட்டை வேண்டாம், கருவாடு சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் அரிக்கும் என்று. வெந்த உடம்புக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை முதல் 2 கிராம் புரதம் தினமும் வேண்டும். வளர்க்கும் ஹார்மோனைக் கொடுத்துவிட்டுப் புரதத்தை நிறுத்தினால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொய்யான முடிவு வரும். ஆஸ்பத்திரி முட்டை தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறதா வயிற்றுக்குள் போனதா என்று பார்த்துக் குறிக்கவே ஒரு ஆளை வைக்கலாம். கூட இருக்கும் பாட்டியிடம் சண்டை போடாமல், "டாக்டர் முட்டையை மருந்தாத்தான் பாட்டி எழுதியிருக்கார்" என்று சொன்னால் வேலை நடக்கும்.

ஆபத்தைக் கவனிப்பது

எந்த ஹார்மோன் எதைக் கெடுக்கும் என்பதை முன்பே பட்டியலிட்டு வையுங்கள். வளர்ச்சி ஹார்மோன் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் பூசினாலும் இறக்கலாம், அதனால் பூசும் முன்பும் பின்பும் விரல் நுனியில் சர்க்கரை பார்த்து, 70-க்குக் கீழே போனால் என்ன செய்வது என்று எழுதி இருக்க வேண்டும். ஆக்ஸாண்ட்ரோலோன் வகை என்றால் கல்லீரல் பரிசோதனை வாராவாரம் வைப்பது நல்லது, பெண்களுக்குக் குரல் தடிப்பது, முகத்தில் முடி வருவது ஆகியவற்றைக் கேட்டுக் குறிக்க வேண்டும், கேட்காவிட்டால் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ளவர்கள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயாளிகள், கல்லீரல் கெட்டவர்கள் ஆய்வில் சேரக் கூடாது.

உயிருக்கு ஆபத்தோ மரணமோ நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்கும், ஆய்வை நடத்துகிறவருக்கும், அனுமதி தந்த ஆணையம் இருந்தால் அதற்கும் தகவல் போக வேண்டும். தீக்காயத்தில் இறப்பு வரத்தான் செய்யும் என்று சொல்லி எதையும் விட்டுவிடாதீர்கள். மருந்தால் நேர்ந்ததா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், சொல்லிவிடுங்கள், அதைப் பார்க்கத் தனிக் குழு இருக்கிறது. பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம் என்பது விதி. ஒருவருக்கு வந்தது மருந்தா டம்மியா என்று அவசரத்தில் பிரித்துப் பார்ப்பதற்கான ரகசிய உறை டியூட்டி டாக்டரின் அலமாரியில் இருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் வீட்டில் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து யார் கொண்டுவருவார்கள்?

வீட்டுக்குப் போன பிறகு

டிஸ்சார்ஜ் ஆன நோயாளி திரும்ப வருவது தானாக நடக்காது. கொழுந்து பறிக்கும் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும், கூட வரும் ஆளின் கூலியும் போகும், பஸ் கட்டணம் வேறு. பயணச் செலவும் கூலி இழப்பும் தருவதாக எவ்வளவு என்று எழுதி முன்பே குழுவிடம் அனுமதி வாங்குங்கள், இதைக் கொடுப்பது ஆசை காட்டுவது ஆகாது. வந்தவரை முதல் ஆளாகப் பார்த்து அனுப்புங்கள். பந்தலூர்ப் பக்கம் இருந்து வந்தவரை நாலு மணி வரை உட்கார வைத்தால், இருட்டில் யானை நடமாடும் பாதையில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அடுத்த முறை வரமாட்டார்.

தேதிகளைப் பருவத்தோடு சேர்த்துப் போடுங்கள். ஜூனில் இருந்து கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் பஸ் நகராது. அதனால் 'சரியாக 30-ஆம் நாள்' என்று எழுதாமல் முன்னும் பின்னும் சில நாள் இடம் விட்டு எழுதுங்கள். இரண்டு போன் எண் வாங்குங்கள், ஒன்று சிக்னல் கிடைக்கும் இடத்தில் உள்ள மளிகைக்கடையாக இருக்கட்டும், ஆனால் கடைக்காரரிடம் என்ன ஆய்வு என்று சொல்லக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களும் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுவார்கள். அளக்கும் வேலையை மட்டும் பயிற்சி கொடுக்காமல் அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள்.

தழும்புக்கு வான்கூவர் தழும்பு அளவுகோல் இருக்கிறது, நிறம், தடிப்பு, மென்மை, ரத்த ஓட்டம் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போடுவது. 3, 6, 12 மாதத்தில் போட்டால் போதும். சீக்கிரம் மூடிய புண் நல்ல தழும்பாக முடிகிறதா என்பது தனிக் கேள்வி, இதற்குத்தான் வருஷக் கடைசி வரை ஆளைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போடும்போது குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவிலேயே அவரை வைத்துக் கணக்கிடுங்கள், மருந்தைப் பாதியில் விட்டவரையும் சேர்த்து. புண் ஆறுவதற்கு முன் இறந்தவரை ஆறாதவர் என்றோ கணக்கில் இல்லாதவர் என்றோ சும்மா ஒதுக்க முடியாது, அதற்கு முறை இருக்கிறது, புள்ளியியல்காரரிடம் ஆரம்பத்திலேயே பேசி எழுதி வாங்குங்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தாலும் பதிவேட்டில் முடிவை ஏற்ற வேண்டும். ஆய்வில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது, அவருக்கு வந்தது மருந்தா டம்மியா என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கடைசி வருகையின்போது கையில் கொடுங்கள். அதற்குள் ஆய்வு முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்ப எஸ்டேட் டிவிஷன் பெயரோடு முழு முகவரியைச் சேர்க்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள்.